எழுதாத கடன்

ராஜபாளையம் பக்கம் போனால் அய்யனார் கோவிலுக்கு ஒரு நடை போய்ப் பாருங்கள். ஊருக்கு மேற்கே, மலை அடிவாரத்தில், காட்டை ஒட்டி இருக்கிறது. சாமியின் பெயரே நீர் காத்த அய்யனார். போகிற வழியில் ஆறாவது மைல் நீர்த்தேக்கம். ராஜபாளையத்துக்காரர்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்கிற இடம். கோவிலை ஒட்டி ஆறு ஓடுகிறது. சாதாரண நாட்களில் கணுக்கால் நனையும், அவ்வளவுதான். குழந்தைகள் கூழாங்கல் பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

மழைக்காலத்தில் மட்டும் இந்த ஆற்றை நம்பக் கூடாது. கோவில் பக்கம் சுள்ளென்று வெயில் அடிக்கும். மேலே, கண்ணுக்கு எட்டாத உயரத்தில், மலையில் மழை கொட்டித் தீர்த்திருக்கும். கொஞ்ச நேரத்தில் ரெண்டு கரையும் புரண்டு தண்ணீர் வரும். சாமி கும்பிடப் போனவர்கள் அக்கரையில் மாட்டிக்கொண்டதையும், தீயணைப்புத் துறையினர் கயிறு கட்டி இக்கரைக்குக் கொண்டுவந்ததையும் பேப்பரில் படித்திருப்பீர்கள். ஒரு வருடம் இல்லை, பல வருடம். மழை பலமாக இருந்தால் வனத்துறை பாதையையே அடைத்துவிடுகிறது.

ஆற்றங்கரைக்காரர்களிடம் இதற்கு ஒரு கணக்கு உண்டு. தண்ணீர் கலங்குதா, சருகும் குச்சியும் மிதந்து வருதா, பேசாமல் கரையேறு. கண்ணும் காதும்தான் கருவி.

சரி, நிறம் மாறாத, சத்தம் போடாத, சருகு அடித்துக்கொண்டு வராத வெள்ளம் ஒன்று இருந்தால்? நடு வெள்ளத்தில் நின்றுகொண்டிருப்பதே உங்களுக்குத் தெரியாது என்றால்?

விண்வெளிக்குப் போகிறவர்களின் நிலைமை அதுதான். கதிர்வீச்சுக்கு வாசனை கிடையாது, சூடு கிடையாது. அதை உணர நம் உடம்பில் ஒரு புலனையும் ஆண்டவன் வைக்கவில்லை. கண் மட்டும் சில சமயம் லேசாகத் துப்பு கொடுக்கும். அப்போலோ பயணங்களில் சந்திரனுக்குப் போனவர்கள் இருட்டில் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, கண்ணுக்குள்ளே பளிச் பளிச்சென்று ஏதோ மின்னியதாகச் சொன்னார்கள். எங்கிருந்தோ வந்த காஸ்மிக் கதிர்த் துகள்கள் கண்ணைத் துளைத்துக்கொண்டு போனதன் அடையாளம் அது. எத்தனை துளைத்தது, எவ்வளவு சேதம் என்றெல்லாம் கண் சொல்லாது.

தரையில் இருக்கிற நமக்குக் கவலை இல்லை. ஊர் எல்லையில் குதிரையோடு காவல் நிற்கிற அய்யனார் மாதிரி, பூமிக்கும் ஒரு எல்லைக்காவல் இருக்கிறது. பூமியின் காந்தப்புலம், வெளியிலிருந்து வரும் துகள்களில் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிடுகிறது. மீறி வருவதைக் காற்று மண்டலம் பார்த்துக்கொள்கிறது. சர்வதேச விண்வெளி நிலையம் சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகிறது. அங்கே காற்றின் பாதுகாப்பு இல்லை. காந்தப்புலத்தின் காவல் மட்டும் பாதிக்குமேல் உண்டு. சந்திரனுக்குப் போனால் அதுவும் இல்லை. எல்லை தாண்டியாச்சு.

அய்யனார் கோவில் ஆற்றில் வருகிற மாதிரி திடீர் வெள்ளம் சூரியனிலும் வரும். 1972 ஆகஸ்ட்டில் அப்படி ஒரு பெரும் சூரியப் புயல் அடித்தது. அப்போலோ 16 ஏப்ரலில் போய்த் திரும்பியிருந்தது. அப்போலோ 17 டிசம்பரில்தான் கிளம்பியது. இடைப்பட்ட மாதத்தில் அடித்துவிட்டுப் போய்விட்டது. அந்த நேரம் யாராவது சந்திரனில் நடந்துகொண்டிருந்தால் படுக்கையில் விழுந்திருப்பார்கள், ஒருவேளை அதற்கு மேலும் ஆகியிருக்கலாம் என்று பிற்பாடு கணக்குப் போட்டார்கள். திட்டம் போட்டுத் தப்பவில்லை. தேதி காப்பாற்றியது.

மலை மேல் மழை பெய்கிறதா என்று எட்டிப் பார்க்க இப்போது ஆள் போட்டிருக்கிறோம். 2023 செப்டம்பர் 2-ம் தேதி இஸ்ரோ அனுப்பிய ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து 15 லட்சம் கிலோமீட்டர் தள்ளி நின்று சூரியனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அதன் திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி, ராஜபாளையத்துக்குத் தெற்கே, அதே மலைத்தொடரின் அடிவாரத்தில் இருக்கிற செங்கோட்டைக்காரர். நம்ம பக்கத்து அம்மாதான் சூரியனுக்குக் காவல் வைத்தவர் என்று சொல்லிக்கொள்வதில் ஒரு சந்தோஷம்.

ஆனால், எச்சரிக்கை என்பது வேறு, கணக்கு என்பது வேறு. புயல் இல்லாத நாளிலும் தூறல் விழுந்துகொண்டேதான் இருக்கும். அதில் யார் எவ்வளவு நனைந்தார் என்று எழுதி வைக்க ஒரு கருவி வேண்டும். அதன் பெயர் டோசிமீட்டர்.

இதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஸ்கேன் சென்டருக்குப் போனால் எக்ஸ்ரே எடுக்கிற தம்பியின் சட்டையில் தீப்பெட்டி சைஸில் ஒரு பிளாஸ்டிக் பேட்ஜ் தொங்கும். கல்பாக்கத்தில் வேலை பார்ப்பவர்களும் அதே வகை பேட்ஜைத்தான் மாட்டிக்கொள்வார்கள். உள்ளே மூன்று சின்ன வட்டத் தகடுகள். டிஸ்ப்ரோசியம் கலந்த கால்சியம் சல்பேட் என்கிற உப்பு அதில் இருக்கிறது. கதிர்வீச்சு படும்போது அந்த உப்பு அந்தச் சக்தியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே ஒன்றும் தெரியாது. மூன்று மாதம் கழித்துச் சோதனைக்கூடத்தில் சூடாக்கினால், பிடித்து வைத்ததை வெளிச்சமாக விட்டுவிடும். எவ்வளவு வெளிச்சமோ அவ்வளவு கதிர். சித்திரகுப்தன் வேலையை ஒரு சிட்டிகை உப்பு செய்கிறது.

விண்வெளிக்கும் இதே உப்புத் தத்துவம்தான் போனது. ஒரு சிக்கல், சூடாக்கிப் பார்க்கக் கருவியைப் பூமிக்குக் கொண்டுவர வேண்டும். ஹங்கேரிக்காரர்கள் இதற்கு வழி கண்டுபிடித்தார்கள். 'பில்லே' என்று ஒரு கருவி செய்து, அங்கேயே சூடாக்கி, அங்கேயே படிக்கிற மாதிரி அமைத்தார்கள். 1980-ல் பெர்தலான் ஃபர்காஷ் என்கிற ஹங்கேரிய வீரர் அதை சல்யூட் 6 நிலையத்தில் பயன்படுத்தினார். நம்ம ராகேஷ் சர்மா சல்யூட் 7-க்குப் போன அதே 1984-ல், அமெரிக்காவின் சாலி ரைடு ஷட்டிலில் ஒரு பில்லேயைக் கொண்டுபோனார். பனிப்போர் காலத்தில் இரண்டு முகாமும் ஒரே கணக்குப்பிள்ளையை நம்பியது ஆச்சரியம்தான். பிறகு, துகள் வந்த வழியைத் தடமாகப் பதிக்கிற பிளாஸ்டிக் தகடுகள், அந்தந்த நிமிடமே எண்ணைக் காட்டுகிற சிலிக்கான் கருவிகள் என்று நிறைய வந்தாச்சு. 2025 ஜூன் 25-ம் தேதி கிளம்பிய சுபான்ஷு சுக்லாவின் ஆக்ஸியம்-4 குழுவும் ஒரு குட்டி டோசிமீட்டரைச் சோதித்துப் பார்த்தது.

இப்போது முக்கியமான கேள்வி. இந்தக் கருவி ஒரு துகளையாவது தடுத்து நிறுத்துமா? நிறுத்தாது. குடை இல்லை இது. எவ்வளவு நனைந்தாய் என்று மட்டும் சொல்லும். அப்புறம் எதற்கு?

பி.காம். படித்தவன் புத்தி எல்லாவற்றையும் பேரேடாகத்தான் பார்க்கும். டோசிமீட்டரும் ஒரு பேரேடுதான். கொஞ்சம் விநோதமான பேரேடு. இதில் பற்று மட்டும் உண்டு, வரவே கிடையாது. ஏறிய எண் இறங்காது.

ஒரு சின்னக் கணக்கு பார்க்கலாம். அலகின் பெயர் மில்லிசீவர்ட். மார்பு எக்ஸ்ரே ஒன்றுக்கு சுமார் 0.1. சும்மா பூமியில் உட்கார்ந்திருந்தாலே உலக சராசரியாக வருடத்துக்கு 2.4. கதிர்வீச்சுத் தொழிலாளிக்கு நம் நாட்டில் அனுமதி வருடத்துக்குச் சராசரியாக 20. விண்வெளி நிலையத்தில் ஒரு நாளைக்குத் தோராயமாக அரை மில்லிசீவர்ட், சில சமயம் கொஞ்சம் கூட. சுக்லா போய்த் திரும்பிய 20 நாளுக்கு என் பேனாக் கணக்குப்படி 10 சொச்சம். அவருடைய கருவி காட்டிய உண்மையான எண் அவருடைய சொந்த மருத்துவ விவரம், அதில் நமக்கு வேலை இல்லை. சந்திரத் தரையில் சீனாவின் சாங்'இ-4 அளந்தது நாளைக்கு 1.37. செவ்வாய்க்குப் போகும் வழியில் கியூரியாசிட்டி வண்டியில் இருந்த கருவி அளந்தது நாளைக்கு 1.8. போகவர மட்டும் சுமார் 660 ஆகும் என்று 2013-ல் கணக்குச் சொன்னார்கள். 2022-ல் நாசா தன் வீரர்களுக்கு ஆயுள் முழுவதற்கும் சேர்த்து வைத்த உச்சவரம்பு 600. பாருங்கள், செவ்வாய்க்குப் போய்வரும் டிக்கெட்டிலேயே கணக்கு இடிக்கிறது.

இந்த 600 எங்கிருந்து வந்தது? 599-ல் ஒன்றும் ஆகாது, 601-ல் ஆள் காலி என்று இயற்கை எழுதி வைக்கவில்லை. 'இந்த வேலையால் புற்றுநோய் வந்து சாகிற வாய்ப்பு நூற்றுக்கு மூன்று வரை போகலாம்' என்று மனிதர்கள் மேஜையைச் சுற்றி உட்கார்ந்து முடிவு செய்த எண். அதுவும் 35 வயதுப் பெண்ணை அளவுகோலாக வைத்து எல்லோருக்கும் பொதுவாகப் போட்டது. அதற்கு முன்னால் வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் பார்த்து வரம்பு மாறும். பெண்களின் உடலில் பாதிப்பு கூடுதல் என்பதால், பெண்களுக்குக் குறைவாக வைத்திருந்தார்கள். பாதுகாப்பு என்ற பெயரில் வேலை வாய்ப்பும் குறைந்தது. ஆக, இந்த எண்ணுக்குப் பின்னால் இருப்பது பௌதிகம் பாதி, அறம் பாதி.

அறம் பாதி என்றேன், அந்தப் பாதிக்கு ஓர் உயிருள்ள உதாரணம் இருக்கிறது. சுக்லா போன பயணத்தின் கமாண்டர் பெக்கி விட்சன். 2018-ல் நாசாவிலிருந்து ஓய்வு பெற்றபோது விண்வெளியில் 665 நாள் இருந்தவர். கதிர்வீச்சு வரம்பைத் தொட்டுவிட்டதால் இனி நாசாவுக்காகப் பறக்க முடியாது என்று அவரே வெளிப்படையாகச் சொன்னார். பிறகு என்ன நடந்தது? ஒரு தனியார் நிறுவனத்துக்காக 2023-ல் பறந்தார். 2025-ல் 65 வயதில் மறுபடி பறந்தார். மொத்தம் 695 நாள். அந்த வரம்பு நாசா தன் ஊழியர்களுக்குப் போட்டது, அவர் எதையும் மீறவில்லை. ஒரு கவுன்டரில் 'போதும்மா' என்றார்கள், அடுத்த கவுன்டரில் டிக்கெட் கிடைத்தது.

இது சரியா? உடம்பு அவருடையது, முடிவும் அவருடையது என்பீர்கள். எனக்கும் பாதி சம்மதம். மீதிப் பாதியைச் சொல்வதற்கு முன்னால் இன்னொரு சம்பவம்.

ஜப்பானில் 2011 மார்ச்சில் ஃபுகுஷிமா அணு உலை விபத்து. அந்த வருடக் கடைசியில் அங்கே துப்புரவு, பழுதுபார்ப்பு என்று வேலைக்கு வந்த கான்ட்ராக்ட் தொழிலாளிகளிடம், டோசிமீட்டரை ஈயத் தகட்டால் மூடிக்கொள்ளுங்கள் என்று அவர்களுடைய மேலாளர் ஒருவர் சொன்னது 2012 ஜூலையில் அம்பலமானது. காரணம் எளிமையானது. வரம்பைச் சீக்கிரம் தொட்டுவிட்டால் அந்த வேலையில் நீடிக்க முடியாது. பிழைப்பு போய்விடும். சிலர் மறுத்தார்கள், சிலர் மூடிக்கொண்டார்கள்.

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். ஈயம் கதிரைத் தடுக்கும். அதை நெஞ்சுக்கு முன்னால் கட்டவில்லை, மீட்டருக்கு முன்னால் கட்டினார்கள். உடம்பு நனைந்தது, நோட்டு மட்டும் நனையவில்லை. எந்த ஆடிட்டரைக் கேட்டாலும் இதற்கு ஒரே பெயர்தான் சொல்வார்: பொய்க்கணக்கு.

விட்சனும் வரம்புக்கு மேல் போனார், அந்தத் தொழிலாளியும் வரம்புக்கு மேல் போகத் தயாரானார். ரெண்டும் ஒன்றா? நிச்சயம் இல்லை. முன்னவர் தன் எண்ணைப் படித்து, அதன் அர்த்தம் புரிந்து, வேண்டாம் என்று சொல்ல முடிந்த நிலையில் இருந்து, வேண்டும் என்றார். போகாவிட்டால் அவர் வீட்டில் அடுப்பு எரியாமல் போகாது. பின்னவருக்காகக் கையெழுத்துப் போட்டது அவருடைய வயிறு. வயிறு போட்ட கையெழுத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை.

நான் சொல்லாமல் வைத்திருந்த மீதிப் பாதி இதுதான். விட்சனின் சுதந்திரம் விட்சனுக்குப் பொருந்தும். அதையே பொது விதியாக்கி, 'அவரவர் உடம்பு, அவரவர் இஷ்டம்' என்று சொல்ல ஆரம்பித்தால், நாளைக்கு 'இஷ்டப்பட்டுத்தானே வந்தே?' என்கிற கேள்வி அடுத்த தொழிலாளியின் முன்னால் வந்து நிற்கும். வரம்பு என்பது வேண்டாம் என்று சொல்ல முடியாதவனுக்காக இன்னொருவர் சொல்லி வைக்கிற வேண்டாம். அதனால்தான் அது எல்லோருக்கும் பொதுவாக இருக்க வேண்டியிருக்கிறது.

இப்போது, குடையாக இல்லாத அந்தக் கருவி எதற்கு என்ற கேள்விக்கு வரலாம்.

ஒருவரை ஆபத்தான இடத்துக்கு அனுப்புகிறோம். அவர் போய் நமக்காக ஒரு வேலை செய்துவிட்டு வருகிறார். அங்கே அவர் உடம்பு எதையோ செலவழித்திருக்கிறது. அந்தச் செலவு நம் தலையில் ஏறிய கடன். ஆனால், எவ்வளவு என்று எழுதி வைத்தால்தான் கடனைக் கேட்க முடியும், கொடுக்க முடியும். டோசிமீட்டர் அதைத்தான் எழுதுகிறது. சும்மா தத்துவமாகச் சொல்லவில்லை. 2017-ல் அமெரிக்காவில், முன்னாள் விண்வெளி வீரர்களுக்கு அந்தப் பயணத்தால் வரும் நோய்களைக் கண்காணிக்கவும் சிகிச்சை கொடுக்கவும் நாசாவுக்கு அதிகாரம் தந்து சட்டம் போட்டார்கள். ரிட்டயர் ஆகி எத்தனை வருடம் கழித்து நோய் வந்தாலும், எடுத்துப் பார்க்க ஒரு பேரேடு இருக்கிறது. உள்ளே நாள்வாரியாக எண் இருக்கிறது. யாரும் 'எங்களுக்குத் தெரியாதே' என்று கையை விரிக்க முடியாது.

சரி, எழுதாத கடன் என்ன ஆகும்?

அதற்கு விண்வெளி வரை போக வேண்டாம். ராஜபாளையத்துக்கே வாருங்கள். 1930-களிலிருந்தே நூற்பாலை ஊர். தலைமுறை தலைமுறையாக மில்லுக்குப் போனவர்கள் இருக்கிற வீடுகள். பஞ்சை உடைத்துச் சுத்தம் பண்ணுகிற ப்ளோ ரூம், சிக்கெடுக்கிற கார்டிங் பகுதி, இங்கெல்லாம் காற்றிலேயே பஞ்சுத் தூசி இருக்கும். வருடக்கணக்கில் சுவாசித்தால் பிசினோசிஸ் என்று ஒரு நுரையீரல் நோய் வரும். இதன் ஆரம்ப அறிகுறி விசேஷமானது. வார லீவு முடிந்து வேலைக்குத் திரும்புகிற முதல் நாளில் நெஞ்சு இறுகும். திங்கட்கிழமை நோய் என்றே இதற்கு ஒரு பெயர் உண்டு.

1948-ம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் மூன்றாவது அட்டவணையை எடுத்துப் பாருங்கள். தொழிலால் வரும் நோய்கள் என்று ஒரு பட்டியல். ரேடியத்தாலும் எக்ஸ்ரேயாலும் வரும் பாதிப்பு அதில் இருந்தது. பிசினோசிஸும் அதே பட்டியலில் இருந்தது. சட்டத்தின் கண்ணில் ரெண்டும் பக்கத்துப் பக்கத்து வீடு. ஆனால், எக்ஸ்ரே அறையில் நிற்பவர் சட்டையில் ஒரு பேட்ஜ் தொங்குகிறது. ப்ளோ ரூமில் நிற்பவர் சட்டையில் அப்படி ஒன்றை நீங்கள் பார்த்ததுண்டா? ஒரு ஆள் சுவாசிக்கிற தூசியை அளக்க, இடுப்பில் மாட்டிக்கொள்ளும் கருவிகள் உலகத்தில் இருக்கின்றன. அது ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. தினமும் மாட்டி, எண்ணை எழுதி, அவர் பெயரில் ஒரு பேரேடு வைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. அவ்வளவுதான்.

முப்பது வருடம் மில்லில் இருந்துவிட்டு இருமிக்கொண்டு வருகிறவரிடம் டாக்டர் கேட்கிற முதல் கேள்வி என்ன? 'பீடி, சிகரெட் பழக்கம் உண்டாய்யா?' டாக்டர் மேல் தப்பில்லை. அவர் கையில் வேறு பேப்பர் இல்லையே. இவரும் தலையைக் குனிந்துகொண்டு, 'வாலிபத்துல கொஞ்சம் குடிச்சிருக்கேங்க' என்பார். முடிந்தது. தூசியின் கணக்கு பீடியின் கணக்கில் ஏறிவிட்டது. எழுதாத கடன் காணாமல் போவதில்லை பாருங்கள். பட்டவன் பெயரிலேயே பற்று எழுதப்பட்டுவிடுகிறது.

ஐந்தாறு பேர் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றும்போது அவர்கள் மேல் விழுகிற ஒவ்வொரு தூறலையும் எண்ணுகிறோம். எண்ணத்தான் வேண்டும். அந்த அக்கறையைக் குறை சொல்வது என் நோக்கமில்லை. நம் ஆட்களும் ககன்யானில் போகப் போகிறார்கள், அவர்களுக்கும் துல்லியமாக எண்ண வேண்டும். ஒரு மனிதனை அனுப்பினால் எப்படி அனுப்ப வேண்டும் என்பதற்கு அது நல்ல முன்மாதிரி. அந்த மாதிரி தரைக்கு இறங்கி வர இத்தனை காலம் எடுக்கிறதே என்பதுதான் கேள்வி.

பெரிய மாற்றமெல்லாம் நீங்களும் நானும் நினைத்தவுடன் வந்துவிடாது. சின்னதாக ஒன்று செய்யலாம். அடுத்த முறை எக்ஸ்ரே எடுக்கப் போகும்போது அந்தத் தம்பியின் சட்டையைப் பாருங்கள். பேட்ஜ் இருக்கிறதா, அல்லது மேஜை டிராயரில் பத்திரமாகத் தூங்குகிறதா? இருந்தால், "கடைசியா எப்ப ரீடிங் வந்துச்சு தம்பி, எவ்வளவு இருந்துச்சு?" என்று கேட்டுவையுங்கள். எண்ணைச் சொன்னால் சந்தோஷம். "அதெல்லாம் ஆபீஸ்ல வச்சிருப்பாங்க சார்" என்றால், கேட்டு வாங்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் உடம்பின் பாஸ்புக் அது.